பழைய கடிதமும் கோயில் மலரும்: தட்டச்சு செய்த வெறும் உரையைப் பைத்தானில் பத்தி பிரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றோடு கோயில் குடமுழுக்கு மலர்களும் கல்யாணச் சாமான் கணக்கெழுதிய சிட்டைகளும் இருக்கும். இவற்றைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றும் வேலையில் ஒரு கட்டம் எல்லோரையும் தடுக்கி விடுகிறது. தட்டச்சு செய்பவர் தாளில் உள்ளபடி ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் தட்டி விடுகிறார். அந்தக் கோப்பை அப்படியே கைப்பேசியில் திறந்தால் வரிகள் பாதியில் உடைந்து, படிக்கவே முடியாமல் போகிறது. உடைந்த வரிகளைச் சேர்த்துப் பத்திகளாக்கி, இணையப் பக்கத்துக்கு ஏற்ற டேக் (பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உலாவிக்குச் சொல்லும் குறி) போட வேண்டும்.

பத்துப் பக்கம் என்றால் கையாலேயே செய்துவிடலாம். ஐந்நூறு பக்கம் என்றால் நிரல் வேண்டும். புதிதாக வருபவர்கள் சறுக்குவது நிரல் எழுதுவதில் அல்ல, வேலைகளின் வரிசையில்தான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பது தெரிந்துவிட்டால் நிரல் நாற்பது வரிக்குள் முடிந்துவிடும்.

முன்னால் தேவைப்படுபவை

பைத்தான் 3 போதும். தனியாக எந்த நூலகமும் நிறுவ வேண்டாம், கூடவே வருபவையே போதுமானவை. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் ஒரு எடிட்டர் அவசியம். விஎஸ் கோட், நோட்பேட்++ இரண்டிலுமே அந்த வசதி உண்டு. இது இல்லாமல் இறங்கினால் மூன்றாம் படியில் காரணம் புரியாமல் முழிப்பீர்கள்.

தட்டச்சுக் கோப்பின் மூலத் தாள் அல்லது அதன் படம் கையருகே இருக்கட்டும். நிரலால் தீர்மானிக்க முடியாத இடங்கள் கட்டாயம் வரும். அப்போது தாளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம், மாதிரிக்குக் குணம் வேறான மூன்று கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கடிதம், ஒரு மலர்க் கட்டுரை, ஒரு சிட்டை. ஒரே வகைக் கோப்பில் மட்டும் சோதித்த நிரல் அடுத்த வகைக் கோப்பைக் குலைத்துவிடும்.

1. மூலக் கோப்பைப் பூட்டி வையுங்கள்

வந்த கோப்புகளை ‘மூலம்’ என்று ஒரு கோப்புறையில் போட்டு, படிக்க மட்டும் என்று அமைத்துவிடுங்கள். நிரல் அங்கிருந்து படிக்கட்டும், ‘விளைவு’ என்ற வேறொரு கோப்புறையில் எழுதட்டும். படித்த கோப்பின் மேலேயே எழுதும் நிரலை ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். வரி முறிவு ஒருமுறை போய்விட்டால், தாளில் வரி எங்கே முடிந்தது என்ற தகவல் திரும்ப வராது. கடைசிப் படியில் சரிபார்க்கவும் மூலம் மாறாமல் இருந்தாக வேண்டும்.

2. குறியாக்கத்தை உறுதி செய்யுங்கள்

குறியாக்கம் என்பது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. கோப்பைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. டி.டி.பி. கடைகளிலிருந்து வரும் பழைய மலர்க் கோப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் பத்தி பிரித்தால் கீழே வரும் எழுத்து விதிகள் ஒன்றுமே வேலை செய்யாது.

யூனிகோட் கோப்பாக இருந்தாலும், ஓப்பன் கட்டளையில் குறியாக்கம் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். விண்டோஸில் சொல்லாமல் விட்டால், பல பதிப்புகளில் பைத்தான் அந்தக் கணினியின் வழக்கமான குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு தமிழைக் குப்பையாக்கும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும்.

நோட்பேடில் சேமித்த கோப்புகளின் தொடக்கத்தில் பி.ஓ.எம். என்ற மறைகுறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன் யூனிகோட் எண் 65279. அது வெற்றிடக் கணக்கில் சேராது, அதனால் ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் ஸ்ட்ரிப் செயற்கூறு அதை நீக்காது. படிக்கும்போதே குறியாக்கப் பெயரை யூ.டி.எஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்தால் தானாகப் போய்விடும்.

3. சேர்ப்பதற்கு முன் துப்புரவு

பத்தி எங்கே பிரிகிறது என்பதை நிரல் வெற்று வரியை வைத்துத்தான் கண்டுபிடிக்கப்போகிறது. வெற்று வரி உண்மையிலேயே வெறுமையாக இல்லாவிட்டால் எல்லாம் தப்பும். ஆகவே துப்புரவு முதலில் வர வேண்டும்.

ஒவ்வொரு வரியின் வலப்பக்கத்திலும் உள்ள இடைவெளியை நீக்குங்கள். வெற்று வரிபோல் தெரியும் பல வரிகளில் இரண்டு மூன்று ஸ்பேஸோ ஒரு டேபோ இருக்கும். இடப்பக்கத்தை இப்போது தொடாதீர்கள். பத்தியின் முதல் வரி உள்தள்ளி இருக்கிறதா என்பது அடுத்த படிக்குத் தேவை.

அகலமில்லா இடைவெளி (எண் 8203), அகலமில்லா இணைப்புத் தடை (எண் 8204) இரண்டையும் தேடி நீக்குங்கள். சில விசைப்பலகைகள் இவற்றைச் சொல்லுக்குள்ளேயே நுழைத்துவிடும். திரையில் தெரியாது, ஆனால் தேடும்போது சொல் கிடைக்காது. ஒரு வரியில் இது மட்டும் இருந்தால் நிரலுக்கு அது வெற்று வரி அல்ல.

யூனிகோட் இயல்பாக்கம் அடுத்தது. ‘கோ’ என்ற எழுத்தை ககரத்தோடு ஓகாரக் குறி (3019) சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் (3015, 3006) தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். பார்க்க இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. யூனிகோட்டேட்டா (unicodedata) நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூறில் என்.எஃப்.சி. (NFC) வடிவம் என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ‘கௌரி’யைக் ககரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு ளகரம் சேர்த்துக் ‘கெளரி’ என்று அடித்திருந்தால் இந்த இயல்பாக்கம் அதைத் திருத்தாது. அது எழுத்துப்பிழை, அதைத் திருத்துவது தனி வேலை.

படத்திலிருந்து எழுத்து எடுக்கும் மென்பொருள் தந்த கோப்பாக இருந்தால் பக்க முடிவுக் குறியையும் கவனியுங்கள். டெசராக்ட் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அதைப் போடும். பைத்தான் அதை வெற்றிடமாக நினைக்கும். ஆகவே ஒரு பத்தி இந்தப் பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிந்தால், நடுவில் ஒரு பொய்யான வெற்று வரி உருவாகிப் பத்தி இரண்டாகிவிடும். பக்க முடிவைச் சுற்றியுள்ள வெற்று வரி, பக்க எண், பக்கத் தலைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முந்திய வரி முற்றுப்புள்ளியில் முடியவில்லை என்றால் அடுத்த பக்கத்தோடு தொடர்ச்சியாக விடுங்கள். நீக்கியவற்றை எறியாமல் ‘நீக்கியவை’ என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். கடைசியில் கணக்குப் பார்க்க வேண்டும்.

4. சேர்க்கக் கூடாதவற்றை ஒதுக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நம் பக்கத்து ஆவணங்களுக்கு இதுதான் உயிர்.

கடிதத்தின் தலையில் ‘உ’ என்ற பிள்ளையார் சுழி, அடுத்து ‘சிவமயம்’, பிறகு ஊரும் தேதியும், கடைசியில் கையொப்பமும் விலாசமும் இருக்கும். இவை தனித்தனி வரிகள். பத்திபோல் சேர்த்தால் ‘உ சிவமயம் ரங்கூன்’ என்று ஒரே வரியில் ஓடும். மலரில் செய்யுள் வரும். சிட்டையிலும் ஐந்தொகையிலும் ஒவ்வொரு வரியும் ஒரு கணக்கு. கல்யாணச் சாமான் சிட்டையைப் பத்தியாக்கினால், எந்தத் தொகை எந்தச் சாமானுக்கு என்பதே தெரியாமல் போய்விடும்.

சேர்ப்பதற்கு முன்பே இவற்றுக்கு ஒரு முத்திரை குத்துங்கள். கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தும் வரியை ‘அப்படியே விடு’ என்று குறிக்கச் சொல்லலாம்:

– வரியின் கடைசியில் எண்ணோ தொகையோ இருந்து, அதற்கு முன்னால் இரண்டுக்கு மேற்பட்ட இடைவெளிகள் இருப்பது.
– ௹ (ரூபாய்), ௸ (மேற்படி), ௶ (பற்று), ௷ (வரவு) குறிகளில் ஏதாவது வரியின் தொடக்கத்தில் இருப்பது.
– வரி முழுக்க ‘உ’ ஒன்றே இருப்பது. சிலர் அதைத் தமிழ் எண் இரண்டான ‘௨’ என்று அடித்திருப்பார்கள், இரண்டையும் தேடுங்கள்.

தேதியில் வரும் ௳, ௴, ௵ குறிகளை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். நாள், மாதம், வருடத்துக்கான இந்தக் குறிகள் கடிதத்தின் நடு வாக்கியத்திலும் வரும்.

செய்யுளை நிரல் நம்பகமாகக் கண்டுபிடிக்காது. தட்டச்சு செய்பவரிடமே சொல்லி, செய்யுளுக்கு முன்னும் பின்னும் ஒரு வரியில் மூன்று நட்சத்திரக் குறி போடச் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிட வேலை, பின்னால் பல மணி நேரத்தைக் காப்பாற்றும்.

5. பத்தியின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

தட்டச்சுக் கோப்புகள் மூன்று விதமாக வரும். பத்திகளுக்கு இடையே வெற்று வரி விட்டவை ஒன்று. வெற்று வரி இல்லாமல் முதல் வரியை உள்ளே தள்ளியவை இன்னொன்று. ஒரு பத்தியை ஒரே நீள வரியாக அடித்து என்டர் தட்டியவை மூன்றாவது. எது என்று பார்க்காமல் நிரலை ஓட்டாதீர்கள். மூன்றாம் வகைக் கோப்பில் முதல் வகைக்கான நிரலை ஓட்டினால் முழுக் கட்டுரையும் ஒரே பத்தியாகிவிடும்.

முதல் வகைக்கான நிரலின் ஓட்டம் இப்படி:

கையிருப்பு என்று ஒரு காலிப் பட்டியல் வைத்துக்கொள்
ஒவ்வொரு வரியாக எடு
வரி வெறுமை இல்லை என்றால்: கையிருப்பில் சேர்
வரி வெறுமை, கையிருப்பில் ஏதோ இருக்கிறது என்றால்: அதைப் பத்தியாகக் கட்டு, கையிருப்பைக் காலியாக்கு
கோப்பு முடிந்ததும்: கையிருப்பில் மிச்சம் இருந்தால் அதையும் கட்டு

நான்காம் வரியில் ‘கையிருப்பில் ஏதோ இருக்கிறது’ என்ற நிபந்தனையை விட்டால், அடுத்தடுத்து மூன்று வெற்று வரி வரும் இடத்தில் காலிப் பத்திகள் உருவாகும். கடைசி வரியை விட்டால் கோப்பின் கடைசிப் பத்தி காணாமல் போகும். கடைசிப் பத்திக்குப் பின்னால் வெற்று வரி இருக்காது, அதனால் அதைக் கட்டும் கட்டளையே வராது. புதிதாக எழுதுபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறுதான். கடிதத்தில் கடைசிப் பத்தியில்தான் ‘ஆத்தாளுக்கு உடம்பு எப்படி’ என்று எழுதியிருப்பார்கள். அது தொலைந்தால் அந்தக் கடிதத்தைச் சேமித்துப் பயனில்லை.

இரண்டாம் வகைக்கு, இடப்பக்கம் உள்தள்ளிய வரி வந்ததும் முந்திய கையிருப்பைக் கட்டச் சொல்லுங்கள். கட்டிய பிறகுதான் அந்த இடைவெளியை நீக்க வேண்டும்.

6. வரிகளைச் சேர்த்தல்: இடைவெளி வேண்டுமா, வேண்டாமா?

கையிருப்பில் உள்ள வரிகளை ஜாயின் செயற்கூறால் ஒரு ஸ்பேஸ் வைத்துச் சேர்த்தால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். தமிழில் அப்படி முடியாது. பழைய அச்சிலும் கையெழுத்திலும் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைப்பார்கள், பல நேரம் இணைப்புக்கோடும் போட மாட்டார்கள். ‘கோட்’ என்று ஒரு வரி முடியும், ‘டையூர்’ என்று அடுத்தது தொடங்கும். ஸ்பேஸ் வைத்துச் சேர்த்தால் ‘கோட் டையூர்’. ஸ்பேஸ் இல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்தால் தனிச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே தமிழ் இலக்கணமே கை கொடுக்கிறது. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று நன்னூல் வரையறுத்து வைத்திருக்கிறது. அதை அப்படியே விதிகளாக்கலாம்.

ஒட்டிச் சேர்க்க வேண்டியவை: அடுத்த வரி உயிர்மெய்க் குறியிலோ புள்ளியிலோ தொடங்கினால் (எண் 3006 முதல் 3021 வரை, 3031) அது எழுத்தே பாதியில் உடைந்தது, சந்தேகமின்றி ஒட்டுங்கள். அடுத்த வரி ண, ழ, ள, ற, ன வரிசையில் தொடங்கினாலும் ஒட்டலாம். தமிழ்ச் சொல் இந்த எழுத்துகளில் தொடங்காது. கொழும்பிலிருந்து வந்த கடிதம் மட்டும் விலக்கு, இலங்கை வழக்கில் ‘றப்பர்’ என்று எழுதுவார்கள். முந்திய வரி ற் அல்லது ங் என்று முடிந்தாலும் ஒட்டுங்கள். ‘ரங்’, ‘கூன்’ இப்படித்தான் பிரியும். ட் என்று முடிந்து அடுத்தது டகரத்தில் தொடங்கினாலும் அப்படியே.

சந்தேகத்துக்கு உரியவை: ட, ர, ல வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது இலக்கணம். ஆனால் இந்தக் கடிதங்களில் ‘லேவாதேவி’யும் ‘ரங்கூன்’, ‘டாலர்’ முதலியவையும் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆகவே நிரல் தானாக முடிவு செய்யக் கூடாது.

இன்னொரு சிக்கல் வல்லின மெய். வரி ‘வீட்டுக்குப்’ என்று முடிந்து அடுத்தது ‘போனோம்’ என்று தொடங்கினால் அது சந்தி, இடைவெளி வேண்டும். ‘காரைக்’ என்று முடிந்து ‘குடி’ என்று தொடங்கினால் ஒரே சொல். க், ச், த், ப் என்று முடியும் இடங்களில் இரண்டுக்கும் எழுத்தளவில் வேறுபாடு கிடையாது. இதையும் சந்தேகப் பட்டியலில் போடுங்கள்.

மீதி எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பேஸ். ‘பலகா’, ‘ரம்’ போன்றவை ரகர விதியில் பிடிபடும். ‘அப்பச்’, ‘சி’ வல்லின விதியில் பிடிபடும். ‘பணியா’, ‘ரம்’ பிடிபடும். ஆனால் ‘மன’, ‘கோலம்’ எந்த விதியிலும் பிடிபடாது, இடைவெளியோடுதான் வரும். சேர்த்து முடித்த பிறகு ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

சந்தேகமான இடத்தில் ஸ்பேஸுக்குப் பதில் ¦ போன்ற, உரையில் எங்கும் வராத குறியை வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறி மூலத்தில் இல்லை என்பதை முதலில் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு எடிட்டரில் ¦ குறியைத் தேடித் தேடி, தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம். ஊர்ப்பெயர், வீட்டு விலாசப் பெயர், முறைப்பெயர் விளங்காத இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் உள்ள ஆச்சியிடம் கேளுங்கள். ‘ஆச்சி, இது யாரு பேரு?’ என்று நாலு வரி படித்துக் காட்டினால் அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்த அகராதியிலும் கிடைக்காத பதில் அது.

இணைப்புக்கோட்டில் முடியும் வரிக்கு ஒரு தனி விதி. கோட்டை நீக்கி ஒட்டுவது பொது. ஆனால் கோட்டுக்கு முன்னால் எண் இருந்தால் நீக்காதீர்கள். ‘12-ஆம் தேதி’யும் ‘1938-39’உம் அப்படி உடைந்திருக்கலாம்.

7. குறிகளை மாற்றி, பிறகு டேக் போடுங்கள்

இணையப் பக்கத்துக்கு ஒவ்வொரு பத்தியையும் பி டேக்குக்குள் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் பத்திக்குள் இருக்கும் &, <, > ஆகிய மூன்றையும் அவற்றுக்குரிய மாற்றுக்குறிகளாக்குங்கள். எச்.டி.எம்.எல். நூலகத்தின் எஸ்கேப் செயற்கூறு இதைச் செய்யும். வட்டிக்கடைப் பெயர்களில் & அடிக்கடி வரும், ஆகவே இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

வரிசை முக்கியம். டேக் போட்ட பிறகு எஸ்கேப் செய்தால் நீங்கள் போட்ட டேக்குகளே எழுத்தாக மாறித் திரையில் தெரியும். கையால் மாற்றுவதாக இருந்தால் & குறியை முதலில் மாற்றுங்கள். கடைசியில் மாற்றினால் மற்ற மாற்றுக்குறிகளுக்குள் இருக்கும் & மறுபடியும் மாறிவிடும்.

‘அப்படியே விடு’ முத்திரை உள்ள வரிகளுக்கு இரண்டு வழி. விலாசத்தையும் செய்யுளையும் ஒரே பி டேக்குக்குள் வைத்து வரிக்கு வரி பி.ஆர். (br, வரியை முறிக்கும்) டேக் போடுங்கள். சிட்டையை டேபிளாக்குங்கள். டேபிளையோ பட்டியலையோ பி டேக்குக்குள் வைக்காதீர்கள். உலாவி அந்த இடத்திலேயே பத்தியை மூடிவிடும், பின்னால் ஒரு காலிப் பத்தி தொங்கும்.

8. அகலத்துக்கு மடிப்பது, தேவைப்பட்டால் மட்டும்

இணையப் பக்கம்தான் நோக்கம் என்றால் இந்தப் படியே வேண்டாம். திரையின் அகலத்துக்கு ஏற்ப உலாவி மடித்துக்கொள்ளும். வெறும் உரையாக மின்னஞ்சலில் அனுப்பவோ, சீட்டுகளில் அச்சிடவோ வேண்டும் என்றால்தான் வரியை அகலத்துக்கு மடிக்கும் டெக்ஸ்ட்ராப் (textwrap) நூலகம் தேவை.

டெக்ஸ்ட்ராப் ஒரு பத்தியை மட்டுமே அறியும். முழுக் கோப்பையும் அதன் ஃபில் செயற்கூறுக்குக் கொடுத்தால் வெற்று வரிகளையெல்லாம் விழுங்கி ஒரே பத்தியாக்கிவிடும். ஐந்தாம் படியில் பிரித்த பத்திகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

அது நீளத்தைக் கணக்கிடும் விதமும் தமிழுக்கு ஒத்து வராது. நாம் எண்ணும் எழுத்தை அது எண்ணுவதில்லை, யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. ‘காரைக்குடி’ நமக்கு 5 எழுத்து, அதற்கு 10. ‘கண்டனூர்’ நமக்கு 5, அதற்கு 8. அகலத்தைச் சொல்லாவிட்டால் 70 என்று எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் வரி பாதி நீளமே வரும். 100 அல்லது 110 வைத்துப் பாருங்கள்.

நீளச் சொல்லை உடைக்கும் அமைப்பு (break_long_words) இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். குறுகலான சீட்டுக்கு அகலம் 20 என்று வைத்தால் ‘தேவகோட்டைக்காரர்களுக்காகவும்’ போன்ற சொல்லை அது எழுத்தின் நடுவிலேயே வெட்டி, புள்ளியையோ காலையோ கொம்பையோ அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியே விட்டுவிடும்.

9. ஒரு எழுத்தும் தொலையவில்லை என்று சரிபாருங்கள்

நாம் செய்ததெல்லாம் வெற்றிடத்தை மாற்றியதுதான், எழுத்தை மாற்றவில்லை. இதையே சோதனையாக்கலாம். இயல்பாக்கம் செய்த மூலத்திலிருந்து எல்லா வெற்றிடங்களையும் மறைகுறிகளையும் நீக்கி ஒரே சரமாக்குங்கள். டேக் போடுவதற்கு முந்திய விளைவிலிருந்தும் வெற்றிடங்களையும் மீதமுள்ள ¦ குறிகளையும் நீக்குங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபாடு வந்தால் அது நீக்கிய இணைப்புக்கோடுகள், ‘நீக்கியவை’ கோப்பில் உள்ள பக்க எண்கள், தலைப்புகள் ஆகியவற்றின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கோப்பை ஏற்றாதீர்கள்.

அடுத்து, டேக் போடாத விளைவுக் கோப்பையே மறுபடி நிரலுக்குக் கொடுத்து ஓட்டுங்கள். எதுவும் மாறக் கூடாது. மாறினால் ஏதோ ஒரு விதி ஏற்கனவே சரியாக இருக்கும் பத்தியையும் தொடுகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் அது நான்காம் படியின் முத்திரை விதியாக இருக்கும்.

கடைசியாக, பத்திகளின் நீளத்தை வரிசைப்படுத்தி மிக நீளமான ஐந்தையும் மிகக் குட்டையான ஐந்தையும் திறந்து பாருங்கள். நீளமானவற்றில் பிரியாமல் ஒட்டிய பத்திகள் சிக்கும், குட்டையானவற்றில் பக்க முடிவில் அறுந்த துண்டுகள் சிக்கும். திருத்துவதை விளைவுக் கோப்பில் கையால் திருத்தாமல், விதியில் திருத்தி எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஓட்டுங்கள். ¦ குறிகளைக் கையால் தீர்க்கும் வேலையை அதற்கப்புறம் தொடங்கினால் போதும். முன்பே தொடங்கினால் ஒவ்வொரு மறு ஓட்டத்திலும் அந்த உழைப்பு அழிந்துபோகும்.